பெருங்குடற் புற்றுநோயின் படிகள் அறியப்படுமாறு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக என மலராசிரியர் பணித்தபொழுது நாம் சிறிது தயங்கினோம். கல்லூரிக் காலத்து நினைவுகளை நயம்பட எழுத வல்லார் பலர் உளர். நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை நோயியற் கூடத்தில், நுணுக்குக்காட்டியின் முன்னே கழித்தவர். ஆதலின் அக்கூடத்திலே கற்றதொன்றைப் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் விளங்கக் கூறுதலே நமக்கு ஏற்றதெனத் துணிந்தோம். மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தும், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே அரும்பணி ஆற்றினார் கிறீன் வைத்தியர். இத்தகைய பொருளைத் தமிழிற் கூறல் இயலாது என்பார்க்கு அவர் பணியே விடையாகும்.

பல பொருள்களுள் இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர், ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், சில ஆண்டுகளுக்கு முன் மலத்துடன் இரத்தம் போவதைக் கண்டார். மூலவியாதி என்று தாமே முடிவு செய்து, கருணைக்கிழங்கும் மோருமாகப் பத்தியம் காத்து ஓராண்டைக் கழித்தார். கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வருதற்கும் இளைப்புத் தோன்றிய பின்னரே வைத்தியரிடஞ் சென்றார். இரத்தம் பெரிதும் குறைந்திருந்தது. குடலகநோக்கியாற் பார்த்தபொழுது பெருங்குடலின் இடப்புறத்திலே புற்று இருத்தல் தெரிந்தது. சத்திரசிகிச்சையும் நடந்தேறியது. அதற்கு மறுநாள் அவருடைய மூத்த மகன் நம்மிடம் வந்தார். "மாமா, எத்தனையாம் ஸ்ரேஜ் எண்டு கேட்டால், றிப்போட் வரட்டும் எண்டுதான் டொக்டர் சொல்லுறார். எங்களுக்கு ஒளிக்கிறார் போலை கிடக்கு. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

வைத்தியர் எதனையும் ஒளிக்கவில்லை. அவர்க்கே அஃது அன்று தெரியாது. ஏன் தெரியாது, பின்னர் எவ்வாறு தெரியவரும், தெரிந்தபின் அதன் பொருள் யாது என்பனவற்றை அன்று மாலை விறாந்தையில் இருந்தபடி அம்மகனுக்கு எடுத்துக் கூறினோம். அவ்விளக்கமே சற்று விரிந்து இக்கட்டுரையாயிற்று.

படி என்பது யாது?

ஸ்ரேஜ் என மக்கள் வழங்குஞ் சொல்லை ஈண்டுப் படி என வழங்குவோம். படி என்பதைப் பற்றி மூன்று தப்பெண்ணங்கள் நம்மிடையே வேரூன்றியுள்ளன. நோயாளி இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்பதைக் கூறுந் தீர்ப்பே படி என்பது முதலாவது. கட்டியின் பருமனே படி என்பது இரண்டாவது. கட்டி எத்துணைக் கொடியது என்பதே படி என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையானவை.

படி என்பது ஒரே வினாவுக்கு அளிக்கப்படும் விடை. புற்றானது தோன்றிய இடத்திலிருந்து எத்துணைத் தூரம் சென்றுள்ளது என்பதே அவ்வினா. எலுமிச்சம்பழம் போன்ற பருத்த கட்டி குடலின் உட்புறத்தே வளர்ந்து நின்று, சுவருக்குள் ஆழ இறங்காதிருக்குமாயின் முதலாம் படியிலேயே அடங்கும். சிறுவிரல் நுனியளவான புண் சுவரை ஊடுருவி அயலிலுள்ள கணுக்களை எட்டியிருக்குமாயின் மூன்றாம் படியாகும். வேறு சில உறுப்புக்களிலே தோன்றும் புற்றுநோய்க்குக் கட்டியின் பருமனும் கணக்கில் எடுக்கப்படும். பெருங்குடலைப் பொறுத்தவரை ஆழமே கணக்கு. கட்டியின் கலங்கள் இயல்பான கலங்களிலிருந்து எத்துணை வேறுபட்டுத் தோன்றுகின்றன என்பதைத் தரம் என வேறொரு பெயரால் அறிக்கையிற் குறிப்பர். தரம் வேறு, படி வேறு. இவ்விரண்டையும் மயங்குதல் ஆகாது.

குடற்சுவரின் அமைப்பு

ஆழத்தை அறிதற்கு முன் சுவரை அறிதல் வேண்டும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமுள்ளது. அடிவயிற்றின் வலப்புறத்திலே சிறுகுடல் வந்து சேருமிடத்திற் றொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாய் இறங்கி நேர்குடலிலே முடிவது. அதன் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையதாயினும் நான்கு படைகளால் ஆயது. உள்ளே முதலாவதாயிருப்பது வழுவழுப்பான சீதமென்சவ்வு. அதன் அடியெல்லையாக மிக மெல்லிய தசைத்தகடு ஒன்று உண்டு. அதனைக் கடந்தால் இரத்தக்கலன்களும் நிணநீர்க்கலன்களும் நிறைந்த கீழ்ப்படை. அதற்கும் அப்பால், உணவின் எச்சத்தைத் தள்ளிச் செல்லும் தடித்த தசைப்படை. புறத்தே கொழுப்பிழையமும், வயிற்றறையின் உறுப்புக்களைப் போர்த்து நிற்கும் சுற்றுவிரி என்னும் மென்சவ்வும் உள்ளன.

நம்மூர் வளவு ஒன்றை நினைத்துக்கொள்வோம். அறை, சுவர், முற்றம், வேலி, அதற்கப்பால் ஒழுங்கை, ஒழுங்கை சென்று சேரும் பெருந்தெரு என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பது போலவே இதுவும் அமைந்திருக்கிறது. அறைக்குள் நிற்பவன் தெருவுக்குச் செல்லல் அரிது. வேலியைக் கடந்தவனுக்கு ஊர் முழுவதும் திறந்துகிடக்கும். பெருங்குடற் புற்று சீதமென்சவ்விலேயே பிறக்கிறது. பெரும்பாலும் சிறு முளையொன்றாய்த் தோன்றிப் பல்லாண்டுகள் கழிந்தே புற்றாக மாறும். சீதமென்சவ்விலே நிணநீர்க்கலன்கள் மிகக் குறைவாதலின், அதன் அடித்தகட்டைக் கடவாத புற்று வேறிடஞ் செல்வதில்லை எனவே கொள்ளப்படுகிறது. கீழ்ப்படையை அடைந்த பின்னரே அதற்கு வழிகள் கிடைக்கின்றன.

அவ்வழிகள் இரண்டு. நிணநீர்க்கலன் வழியே சென்றால், குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பிலே வரிசையாய் அமைந்துள்ள நிணநீர்க்கணுக்களை அடையும். இரத்தக்கலன் வழியே சென்றால், பெருங்குடலின் இரத்தம் ஈரல் வாயினாளத்தின் வழியே ஈரலையே முதலிற் சேர்வதாதலின், பெரும்பாலும் ஈரலிலே தங்கும். அதனைக் கடந்தவை சுவாசப்பையை அடையும். பெருங்குடற் புற்றுநோயாளரின் ஈரலையும் சுவாசப்பையையும் வைத்தியர் தவறாது சோதிப்பதற்குக் காரணம் இதுவே.

முறை வகுத்தோர்

இவ்வுண்மைகளை ஓர் ஒழுங்காக வகுத்துத் தந்த பெருமை இலண்டன் மாநகரிலுள்ள புனித மாற்கு வைத்தியசாலையின் நோயியலறிஞர் கத்பேட் டியூக்ஸ் என்பார்க்கு உரியது. சத்திரவைத்தியர் வெட்டி எடுத்த நேர்குடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றை மூன்று வகுப்புக்களாகப் பிரித்து 1932ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். குடற்சுவரைக் கடவாதது ஏ வகுப்பு. சுவரைக் கடந்தும் கணுக்களை எட்டாதது பி வகுப்பு. கணுக்களை எட்டியது சி வகுப்பு. இவ்வளவுதான். இவ்வெளிய பாகுபாடு, எந்நோயாளி நலம் பெறுவார், எவர்க்கு நோய் திரும்பக்கூடும் என்பதை அதுகாறும் இருந்த முறைகளினும் நன்கு காட்டியமையால், நேர்குடலைக் கடந்து பெருங்குடலுக்கும் ஏற்கப்பட்டது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த அஸ்ற்லர், கொல்லர் என்னும் இருவர் இதனை மேலும் நுணுக்கமாக வகுத்தனர். தூர உறுப்புக்களுக்குப் பரந்த நோயை டி எனக் குறிக்கும் வழக்கமும் பின்னர்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் பிரான்சு தேசத்தவரான பியேர் டெனுவா என்னும் சத்திரவைத்தியர், உடலின் எவ்வுறுப்பிலே தோன்றிய புற்றுநோய்க்கும் பொருந்துமாறு 1943ஆம் ஆண்டிற்கும் 1952ஆம் ஆண்டிற்கும் இடையில் வேறொரு முறையை உருவாக்கினார். ரி, என், எம் என்னும் மூன்று எழுத்துக்களாற் பெயர்பெற்ற அம்முறையைப் புற்றுநோய்க்கெதிரான அனைத்துலகச் சங்கம் ஏற்று, 1968ஆம் ஆண்டிற் சிறு கைந்நூலாக வெளியிட்டது. அமெரிக்கக் கூட்டுக்குழுவின் முறையும் இதுவும் 1987ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டன. அறிவு வளருந்தோறும் இந்நூல் திருத்தப்பெற்றுப் பல பதிப்புக்களைக் கண்டுள்ளது. கீழே நாம் கூறுவன 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 8ஆம் பதிப்பைத் தழுவியன.

மூன்று எழுத்துக்கள்

முதலாவது எழுத்தாகிய ரி கட்டியின் ஆழத்தைக் குறிக்கும். கீழ்ப்படை வரை இறங்கியது ரி1. தசைப்படையுள் நுழைந்தது ரி2. தசைப்படையைக் கடந்து புறக்கொழுப்பை அடைந்தது ரி3. சுற்றுவிரியின் மேற்பரப்பைத் துளைத்து வெளிப்பட்டதோ அயலுறுப்பைப் பற்றியதோ ரி4. சீதமென்சவ்வின் எல்லையைக் கடவாதது இவற்றுக்கு முற்பட்டது. அது பூச்சியப் படி எனப்படும்.

இரண்டாவது எழுத்தாகிய என் கணுக்களைக் குறிக்கும். கணு எதுவும் பற்றப்படாவிடின் என்0. ஒன்று முதல் மூன்று வரை பற்றப்பட்டிருப்பின் என்1. நான்கும் அதற்கு மேலும் ஆயின் என்2. கணு எதுவும் பற்றப்படாதிருந்தும் கொழுப்பிலே தனித்த புற்றுத் திட்டுக்கள் காணப்படுமாயின் அதுவும் என்1 என்பதனுள் அடங்கும்.

மூன்றாவது எழுத்தாகிய எம் தூரப் பரவலைக் குறிக்கும். ஈரல், சுவாசப்பை முதலிய தூர உறுப்புக்களில் நோய் இல்லையாயின் எம்0, உண்டாயின் எம்1. சுற்றுவிரி எங்கணும் நோய் விதைபோலச் சிதறியிருத்தலும் எம்1 என்பதன் ஒரு பிரிவே.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கியே படி துணியப்படும். ரி1 அல்லது ரி2 ஆகிக் கணுக்கள் தூயனவாயின் முதலாம் படி. ரி3 அல்லது ரி4 ஆகிக் கணுக்கள் தூயனவாயின் இரண்டாம் படி. ஆழம் எதுவாயினும் கணு பற்றப்பட்டிருப்பின் மூன்றாம் படி. ஆழமும் கணுவும் எவ்வாறாயினும் தூர உறுப்பு பற்றப்பட்டிருப்பின் நான்காம் படி. இவற்றின் உட்பிரிவுகளும் உள. அவற்றை வைத்தியர் அறிந்தாற் போதும்.

படி அறியப்படும் முறை

இவ்விடைகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே சோதனையிற் கிடைப்பன அல்ல. குடலகநோக்கி புற்று இருக்கும் இடத்தைக் காட்டும். அதன் வழியே எடுத்த சிறு துணுக்கு, அது புற்றுத்தான் என்பதை உறுதிப்படுத்தும். ஆனால் மேற்பரப்பிற் கிள்ளிய துணுக்கு அடியின் ஆழத்தை எங்ஙனங் கூறும்? மார்பையும் வயிற்றையும் சீ.ரி. ஸ்கான் செய்து ஈரல், சுவாசப்பை ஆகியவற்றின் நிலையை அறிவர். எம் என்னும் எழுத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை தரும். சீ.ஈ.ஏ. என்னும் பொருளின் அளவை இரத்தத்திற் பார்ப்பதும் வழக்கம். 1965ஆம் ஆண்டிற் கனடாவின் மொன்றியலில் கோல்ட், பிறீட்மன் என்னும் இருவர் கண்டறிந்த பொருள் இது. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா எனக் காவல் காத்தற்கு இவ்வளவு பயன்படுமேயன்றி, படியைத் துணிதற்குப் பயன்படாது.

ஆழத்தையும் கணுக்களையும் சீ.ரி. ஓரளவு ஊகித்துக் கூறும். பருத்த கணுவெல்லாம் புற்றுள்ள கணு அன்று. அழற்சியாலும் கணு பருக்கும். சிறிய கணுவெல்லாம் தூய கணுவும் அன்று. ஆதலின் சத்திரசிகிச்சைக்கு முன் கூறப்படும் படி உத்தேசமானது. சத்திரவைத்தியர் வயிற்றைத் திறந்தோ சிறு துளைகள் வழியே கருவி செலுத்தியோ ஈரலையும் சுற்றுவிரியையும் நேரிற் பார்க்கிறார். பின்னர்ப் புற்றுள்ள குடற்பகுதியை, அதனைத் தாங்கும் கொழுப்பு மடிப்போடும் அதனுள் உள்ள கணுக்களோடும் ஒருசேர எடுக்கிறார். அவர் எடுத்தது நோயியற் கூடத்துக்கு வருகிறது.

இனி நடப்பது நாம் நன்கறிந்தது. குடற்பகுதி போமலினிலே ஊறி இறுகும்வரை காத்திருத்தல் வேண்டும். இறுகியபின் புற்று மிக ஆழமாய் இறங்கியதெனத் தோன்றும் இடங்களைத் தெரிந்து கீறுகிறோம். பின்னர்க் கொழுப்பைச் சிறிது சிறிதாகப் பகுத்து, விரல் நுனியால் நெருடிக் கணுக்களைத் தேடுகிறோம். சில கணுக்கள் பயற்றம் பருப்பளவின, சில எள்ளளவின. அரிசியிற் கல் பொறுக்குவது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். குறைந்தது 12 கணுக்களேனும் கண்டெடுத்துச் சோதித்தல் வேண்டும் என்பது உலகெங்கணும் ஏற்கப்பட்ட விதி. கண்டெடுத்தவற்றை மெழுகிலே பதித்து, ஒரு மில்லிமீற்றரை இருநூறாகப் பகுத்தால் வரும் தடிப்பினவாய்ச் சீவி, நீலமும் செம்மையுமான இரு சாயங்கள் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறோம். இதற்குப் பல நாட்கள் செல்லும். றிப்போட் வரட்டும் என வைத்தியர் கூறியது இந்நாட்களையே.

12 கணுக்கள் ஏன் என மாணவர் வினவலாம். நான்கு கணுக்களை மாத்திரம் பார்த்துவிட்டு, நான்கும் தூயன, இஃது இரண்டாம் படி என ஒருவர் எழுதிவிடின், பாராது விட்ட ஐந்தாவது கணுவிலே புற்று இருந்திருக்கலாம். அங்ஙனமாயின் மூன்றாம் படி நோயாளி ஒருவர் இரண்டாம் படியினர் எனக் கருதப்பட்டு, பெறவேண்டிய மருந்தைப் பெறாது போவார். இரக்கத்தினாற் குறைத்துக் கூறிய படியும், சோம்பலினாற் குறைந்துபோன படியும் நோயாளிக்குச் செய்யும் தீங்கு ஒன்றே.

படியால் ஆம் பயன்

படியை அறிதல் வருந்துதற்கன்று, வழி காண்டற்கே. மிக ஆரம்பத்ததாய் முளையொன்றினுள் அடங்கிய புற்று, சிலவேளைகளிற் குடலகநோக்கியின் வழியாகவே முற்றாக நீக்கப்படும். ஏனைய முதலாம் படிக்குச் சத்திரசிகிச்சை ஒன்றே போதும். இரண்டாம் படியினருள் பெரும்பாலார்க்கும் அதுவே போதுமாயினும், ரி4 ஆயிருத்தல், குடல் அடைபட்டோ துளைபட்டோ வந்திருத்தல், ஆராய்ந்த கணுக்கள் 12இற் குறைந்திருத்தல் முதலிய காரணங்கள் இருப்பின் மருந்துச் சிகிச்சையையும் ஆலோசிப்பர். கட்டியின் கலங்களிலே பரம்பரையலகுத் தவறுகளைத் திருத்தும் புரதங்கள் உளவா இலவா என்பதையும் இக்காலத்திற் சோதிக்கின்றனர். இது படியின் பகுதியன்று. படியோடு சேர்த்து எண்ணப்படுவது.

மூன்றாம் படியின் வரலாறு தனியே கூறத்தக்கது. சத்திரசிகிச்சையோடு அமையாது புளோரோயுராசில் என்னும் மருந்தையும் லெவமிசோல் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபொழுது, மூன்றாம் படியினரிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தமையை 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மோர்ட்டெல் முதலியோர் வெளியிட்டனர். லெவமிசோல் பின்னர்க் கைவிடப்பட்டது. ஒக்சாலிபிளாற்றின் என்னும் மருந்தைச் சேர்த்தலால் மேலும் நன்மை உண்டு என்பது 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. இம்மருந்து கைகால்களிலே விறைப்பை உண்டாக்கும் இயல்புடையது. ஆறு மாதங் கொடுத்தல் எல்லார்க்கும் வேண்டுமா என்னும் வினா எழுந்தது. ஆறு ஆய்வுகளைத் தொகுத்து, 12,000க்கு மேற்பட்ட நோயாளரை உள்ளடக்கி 2018ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, ரி4 அல்லாது ஒன்று முதல் மூன்று கணுக்களே பற்றப்பட்டோர்க்கு, உரிய மருந்துச் சேர்க்கையைக் கொள்ளுமிடத்து மூன்று மாதமே போதும் எனக் காட்டிற்று. பொறுக்கிய கணுக்களை எண்ணும் எண்ணிலே ஒரு மனிதனின் மூன்று மாதச் சுகம் தங்கியிருப்பதைக் காண்க.

நான்காம் படியையும் முடிந்த முடிபெனக் கொள்ளல் தவறு. ஈரலிலோ சுவாசப்பையிலோ தனித்து நிற்கும் பரவலைச் சத்திரசிகிச்சையால் நீக்கிச் சிலர் முற்றாகக் குணமடைந்துள்ளனர். ஏனையோர்க்கு நோயை அடக்கி, வாழ்வை நீட்டி, நோவைத் தணிக்கும் சிகிச்சைகள் உண்டு.

எண்களை நோக்குமாறு

மூன்று இரண்டினும் தீயது, இரண்டு ஒன்றினும் தீயது எனப் படிகளை ஏணிபோல் எண்ணுவார்க்கு வியப்பளிக்கும் கணக்கொன்றைக் கூறுவோம். அமெரிக்காவில் 1991 முதல் 2000 வரை நோய் கண்டறியப்பட்ட 119,363 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பெருங்குடற் புற்றுநோயால் இறவாது ஐந்தாண்டு கடந்தோர் முதலாம் படியில் நூற்றுக்கு 93.2 பேர், நான்காம் படியில் 8.1 பேர். இஃது எதிர்பார்த்ததே. ஆனால் அக்காலப் பதிப்பின்படி ரி4 ஆகிக் கணுக்கள் தூயனவாயிருந்த இரண்டாம் படியின் இறுதிப் பிரிவினர் 72.2 பேர் பிழைத்திருக்க, ரி1 அல்லது ரி2 ஆகி ஒன்று முதல் மூன்று கணுக்கள் பற்றப்பட்ட மூன்றாம் படியின் முதற் பிரிவினரோ 83.4 பேர் பிழைத்திருந்தனர். மூன்றாம் படியினர் இரண்டாம் படியினரை வென்றனர். சுவரை முற்றும் துளைத்த ஆழத்தின் கொடுமை ஒரு காரணம். மூன்றாம் படியினர் மருந்துச் சிகிச்சையை மிகுதியாகப் பெற்றிருத்தலும், இரண்டாம் படியினருட் சிலரின் கணுக்கள் போதிய அளவு ஆராயப்படாது விடப்பட்டிருத்தலும் வேறு காரணங்களாகலாம். இவையும் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட எண்கள். சிகிச்சை அதன்பின் முன்னேறியுள்ளது.

எண்களிலே மறைந்திருக்கும் மற்றொரு விந்தையை மாணவர்க்கு ஒரு வகுப்புக் கணக்கால் விளக்குவோம். அ பிரிவில் நால்வர் பெற்ற புள்ளிகள் 90, 80, 70, 40, சராசரி 70. ஆ பிரிவில் மூவர் பெற்றவை 30, 20, 10, சராசரி 20. நாற்பது புள்ளி பெற்றவனை அ பிரிவிலிருந்து ஆ பிரிவுக்கு மாற்றுக. அ பிரிவின் சராசரி 80 ஆக உயரும்; ஆ பிரிவின் சராசரியும் 25 ஆக உயரும். எவனும் ஒரு புள்ளியேனும் கூடப் பெற்றிலன். இரு பிரிவும் முன்னேறியனபோலத் தோன்றுகின்றன. கணுக்களை நுணுகித் தேடத் தொடங்கியபொழுது இரண்டாம் படியினருட் சிலர் மூன்றாம் படிக்கு மாற்றப்பட்டு, இரு படிகளின் கணக்கும் இவ்வாறே உயர்ந்தன. சோதனைகள் நுண்ணியவாகுந்தோறும் இவ்வாறு நிகழும் என்பதை யேல் பல்கலைக்கழகத்துப் பைன்ஸ்ரைன் என்னும் அறிஞர், சுவாசப்பைப் புற்றுநோயாளரின் கணக்கைக் கொண்டு 1985ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆதலின் ஒரு வைத்தியசாலையின் கணக்கை மற்றொன்றினோடும், ஒரு காலத்தின் கணக்கை மற்றொரு காலத்தினோடும் ஒப்பிடுமுன், அங்கங்கே கணுக்களை எங்ஙனம் எண்ணினர் என வினவுதல் அறிவுடைமை.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். நூற்றுக்கு இத்தனை பேர் என்பது பலரைப் பற்றிய செய்தி. ஒருவரைப் பற்றிய சோதிடம் அன்று. அந்நூற்றுவருள் நம் தந்தை எவர் என்பதை எந்தப் படியும் கூறமாட்டாது. மேலும், முதலிலே துணியப்பட்ட படி பின்னர் மாறுவதில்லை. சிகிச்சைக்குப் பின் நோய் மீண்டும் தோன்றின் அதனை மீட்சி எனத் தனியே குறிப்பர். இரண்டாம் படி நான்காயிற்று என வழங்குவதில்லை.

முடிவுரை

நண்பரின் அறிக்கை பத்தாம் நாள் வந்தது. ரி3, ஆராய்ந்த கணுக்கள் 14, அவற்றுட் பற்றப்பட்டது ஒன்று, தூரப் பரவல் இல்லை. மூன்றாம் படி. மூன்று என்னும் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் வீட்டார் அழத் தொடங்கினர். பதின்மூன்று கணுக்கள் தூயனவாயிருந்தமையை எவரும் காதில் வாங்கவில்லை. அறிக்கையை மடியில் விரித்துவைத்து, ஒவ்வோர் எழுத்தாக நாம் விளக்கிய பின்னரே அழுகை அடங்கியது. நண்பர் மூன்று மாதம் மருந்து ஏற்றார். விரல்களிற் சிறிது விறைப்பு எஞ்சியிருக்கிறது. இரத்தச் சோதனைக்கும் ஸ்கானுக்கும் தவணை தவறாது சென்று வருகிறார். இவ்விழாவின் ஆயத்தக் கூட்டங்களிலே முன்வரிசையில் இருந்து, நம்மினும் உரத்த குரலிற் பேசி வருபவரும் அவரே. இக்கட்டுரையைத் தம் பெயர் குறியாது எழுதுக என இசைவு தந்தவரும் அவரே.

ஆயினும் அவர் நம்மிடம் ஒருநாள் கூறியது நெஞ்சை விட்டகலவில்லை. கருணைக்கிழங்கோடு கழித்த அந்த ஓராண்டில் அக்கணு தூயதாயிருந்திருக்குமோ என்பதே அவர் வினா. அதற்கு விடை எவரிடமும் இல்லை. புற்று எந்நாளில் வேலியைக் கடந்தது என்பதை நுணுக்குக்காட்டி காட்டாது. கடந்ததா இல்லையா என்பதை மாத்திரமே காட்டும். அவ்வினாவைப் பிறர் எவரும் தம்முட் கேட்க நேராதிருத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஆதலின் பழைய மாணவராகிய அன்பர்காள்! மலத்தில் இரத்தங் காணின் மூலமென நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூலம் இருத்தல் புற்று இல்லாமைக்குச் சான்றாகாது. மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடிக்குமாயினும், முதிய வயதில் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை தோன்றுமாயினும், உடல் காரணமின்றி மெலியுமாயினும் வைத்தியரிடஞ் செல்லுங்கள். 50 வயதைக் கடந்தோர் நோய்க்குறி எதுவும் இல்லாதபொழுதே மலத்தில் மறைந்த இரத்தத்தைச் சோதிப்பித்தல் நன்று. சில நாடுகளில் 45 வயதிலேயே இதனைத் தொடங்குகின்றனர். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்திருப்பின் இன்னும் முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும். முளையாயிருக்கும்பொழுதே கண்டு நீக்கினால் படி என்னும் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம்மவர் அறியாததன்று.

வீட்டிலே ஒருவர்க்கு நோய் கண்டபின், எத்தனையாம் படி என்று கேட்பதோடு அமையாதீர்கள். ஆழம் எவ்வளவு, எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, அவற்றுள் எத்தனை பற்றப்பட்டன, இனிச் செய்யவேண்டுவது யாது என நான்கையும் கேளுங்கள். கேட்க நாணவேண்டா. வினாவுதற்கு அஞ்சாதிருக்க நமக்குக் கற்பித்தவள் இக்கல்லூரி அன்னை. அவள் புகழ் நீடு வாழ்க! அவள் மக்கள் நோயற்ற வாழ்வு பெறுக!